இரவல் அக்கா

நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கலாம் என்று மாடியிலிருந்து இறங்கிய கதாசிரியர், கீழே சொந்தப் பெண்டாட்டியின் மருந்துக்கடையில் சொந்தப் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். வாடிக்கையாளருக்காக உதட்டோரம் காட்டுகிற சிரிப்பில்லை அது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கையில் செல்போன். கடையில் ஈ காக்கை இல்லை.

"என்ன, அப்படியொரு சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. அக்கா வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருக்காங்க. வீட்டுக்காரன் 'மொத்தம் எத்தனை பேரு'ன்னு கேக்குறான். 'நான் ஒருத்தி, என் தம்பி ஒருத்தன், அவன் குடையையும் ஆளா சேர்த்தா மூணு'ங்கிறாங்க." சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு.

"எந்த அக்கா?"

"உங்க அக்காதான். நீங்க பஸ் ஏத்திவிட்டுக் கொன்னீங்களே, அவங்க."

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. கதாசிரியருக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் கிடையாது. செத்துப்போனது அவர் கதையில் வருகிற அக்கா. 'குடைக்காரர்' என்று ஒரு துப்பறிவாளரை வைத்து வரிசையாக நாவல் எழுதிப் பேர் வாங்கியவர் இவர். வெயிலோ மழையோ கையில் குடையோடு திரியும் அந்த மனிதர் ஊரிலுள்ள திருடனையெல்லாம் பிடித்துவிடுவார்; வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் மாட்டிக்கொள்வார். "கொலைகாரன கண்டுபிடிச்சது இருக்கட்டும்டா, என் சாவிக்கொத்த எங்க வச்சேன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்பாள் அக்கா. ஜனங்கள் கொலைக்காகப் புத்தகத்தை வாங்கினார்கள், அக்காவுக்காக மறுபடி படித்தார்கள்.

இது கதாசிரியருக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்ததால்தான் எரிச்சல். மண்டையை உடைத்துக்கொண்டு கொலையை ஜோடிப்பது நான், கைதட்டல் மட்டும் இவளுக்கா என்று ஒருநாள் தோன்றிவிட்டது. போதாக்குறைக்குப் பதிப்பாளர் வேறு, "குடைக்காரருக்கு ஒரு பெரிய சோகம் குடுங்க சார், அப்பத்தான் ஜனங்க கண்ணு கலங்குவாங்க" என்று எடுத்துக்கொடுத்தார். அடுத்த நாவலில் ஒரே ஒரு வரி: அக்கா ஏறிய பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்ந்தது. தீர்ந்தது. ஒரு மனுஷியைக் கொல்வதற்கு இரண்டாவது வரிகூடச் செலவழிக்கவில்லை மகானுபாவர்.

அச்சுக்குப் போகும் முன் அவருடைய எழுத்தை முதலில் படிப்பது எப்போதும் மனைவிதான். மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோலைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் படிப்பார் அந்தம்மா. பிடித்த இடம் வந்தால் சிரிப்பு மாடிக்குக் கேட்கும். இவர் மேல்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள், பத்திரிகைகள் பாராட்டியிருக்கின்றன. அந்தச் சிரிப்புக்கு முன்னால் அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்கா செத்த நாவலில், பஸ் கவிழ்ந்த பக்கத்தோடு கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"ஏன் கொன்னீங்க?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சு."

"சரி."

அந்த ஒரு 'சரி'க்கப்புறம் அந்தம்மா அவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. சண்டையா என்றால் இல்லை. சாப்பாடு, பேச்சு, கேலி எல்லாம் எப்போதும்போலத்தான். படிப்பது மட்டும் கிடையாது. கதாசிரியர் அதற்குப் பிறகு இரண்டு நாவலை முக்கி முனகி முடித்தார், அத்தோடு பேனா படுத்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் வயதாகிவிட்டது, வயிறு சரியில்லை என்று சாக்குச் சொன்னார். கீழே சிரிக்க ஆளில்லை, அதனால் மேலே எழுத வரவில்லை. உண்மை அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் இப்போது படிக்கட்டில் நிற்கிறார். பெண்டாட்டி அக்காவைப் படித்துச் சிரிக்கிறார். எழுதியது இவரில்லை.

"யாரு எழுதுனது?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஈரத்துண்டு."

"என்னது?"

"அது அவங்க வச்சுக்கிட்ட பேரு. இணையத்துல ஒரு இடம் இருக்கு. குடைக்காரர் ரசிகருங்க எல்லாம் அவங்கவங்களா கதை எழுதிப் போடுறாங்க. ரெண்டு வருஷமா, நீங்க மேல தூங்குறப்ப படிக்கிறேன்." நெஞ்செரிச்சல் மாத்திரையை வெட்டி நீட்டினார். "சாப்பிட்டப்புறம் போடுங்க, வெறும் வயித்துல வேண்டாம்."

மாத்திரையை எங்கே வைத்தாரோ தெரியாது, நேரே மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். திறந்தால், அடேயப்பா, ஒரு ஊரே உள்ளே குடியிருந்தது. அரைத்தூக்கம், பழைய செருப்பு, ஏழாம் மாடி என்று வாய்க்கு வந்த பேரையெல்லாம் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு எழுதிக் குவித்திருந்தார்கள். ஒருவர் கதையில் குடைக்காரர் சந்திரனுக்குப் போகிறார். இன்னொன்றில் ஒரு திருடியிடமே மனதைப் பறிகொடுத்துவிட்டு, கைவிலங்கோடு அவள் வீட்டு வாசலில் முழிக்கிறார். பிழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கதாசிரியர் 'கர்மம், கர்மம்' என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தார். இப்படியே மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

கடைசியில் ஈரத்துண்டின் கதைக்கு வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் அக்காவுக்கு ஒரு சந்தேகம்: அடுப்பில் கேஸை மூடினோமா? "நிறுத்துப்பா, நிறுத்து" என்று டிரைவரைப் படுத்தி எடுத்து இறங்கி, வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் கேஸ் ஒழுங்காக மூடித்தான் இருக்கிறது. "சனியனே, மூடிட்டுத்தான போயிருக்க!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, வந்ததுக்கு ஒரு டீயாவது குடிப்போம் என்று அடுப்பைப் பற்றவைக்கிறாள். ரேடியோவில் பஸ் கவிழ்ந்த செய்தி வருகிறது.

கதாசிரியர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அக்கா அதைத்தான் செய்வாள். வேறெதையும் செய்யமாட்டாள். கேஸை மூடினோமா என்று திரும்பிப் பார்க்காமல் அவள் ஒரு நாளும் வீட்டைவிட்டுக் கிளம்பியவளில்லை, அவரே பல நாவல்களில் அப்படி எழுதியிருக்கிறார். அவளை அந்த பஸ்ஸில் பேசாமல் உட்காரவைத்ததுதான் பொய். முன்பின் தெரியாத ஒரு ஈரத்துண்டுக்குப் புலப்பட்டது படைத்தவனுக்கு எப்படித் தப்பியது என்று நினைத்ததும் வயிற்றெரிச்சல் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. இது மாத்திரைக்கு அடங்குகிற ரகமில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அங்கே எல்லாக் கதைக்கும் தலையில் ஒரே வரி இருந்தது: 'இவர்கள் யாரும் எனக்குச் சொந்தமில்லை. இரவல் வாங்கியிருக்கிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.' அந்த இடத்தின் சட்டமாம் அது. இந்த வரி இல்லாமல் கதை உள்ளே போகாது.

மறுநாள் பதிப்பாளரிடம் போய்க் கொட்டித் தீர்த்தார். சுவர் தெரியாமல் புத்தகக் கட்டு அடுக்கிய அறையில், மின்விசிறியில் பறக்கிற காகிதத்தையெல்லாம் முழங்கையால் அழுத்திக்கொண்டு பதிப்பாளர் கொதித்தெழுந்தார்.

"என்ன சார் அநியாயம் இது! உங்க வீட்டுக்குள்ள கண்டவன் புகுந்து, உங்க அடுப்புலயே சமைச்சு, உங்க தட்டுலயே போட்டுச் சாப்பிடுறான். நீங்க பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

"சமையல் நல்லாத்தான் இருக்கு" என்று கதாசிரியர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

இரண்டே நாளில் வக்கீல் நோட்டீஸ் தயாராகிவிட்டது. 'குடைக்காரர், அக்கா உள்ளிட்ட எல்லாப் பாத்திரங்களும் முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை. எனக்கு மட்டுமே உரியவை' என்று போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தையே இழுத்து மூடிவிடலாம் என்றார் பதிப்பாளர். வீட்டில் வைத்து நிதானமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார் கதாசிரியர்.

போடவில்லை. காரணம் தர்ம நியாயமெல்லாம் இல்லை. அதை மூடினால் கீழே கேட்கிற சிரிப்பும் மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டால் சிரிப்பு ஈரத்துண்டுக்குப் போகும். பெண்டாட்டி சிரிக்கவேண்டும், அதுவும் தன் எழுத்துக்குச் சிரிக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: நாமே ஒரு கதை எழுதி அங்கே போட்டுவிட்டால் என்ன? அசல் எது, இரவல் எது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடாதா!

'சுண்டெலி' என்று பேர் வைத்துக்கொண்டார். வருஷக்கணக்காகப் படுத்திருந்த பேனா எழுந்து ஓடியது. அக்கா சாகவில்லை, பஸ் எந்தக் கோணத்தில் கவிழ்ந்தது, ஆறு எந்தப் பக்கம் இழுத்தது, அக்கா எந்த ஜன்னல் வழியாகத் தப்பினாள் என்று குடைக்காரர் புட்டுப் புட்டு வைக்கிறார். கதை கச்சிதம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்துவிட்டது.

அந்த இடத்தை நிர்வகிக்கிற ஆளுக்கு 'வாட்ச்மேன்' என்று பேர். 'தலைப்பு வரி இல்லை. இவர்கள் எனக்குச் சொந்தமில்லை என்று போட்டு மறுபடி அனுப்பவும்' என்று வாட்ச்மேன் எழுதியிருந்தார்.

கதாசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம். 'ஐயா, இவர்கள் உண்மையிலேயே எனக்குச் சொந்தமானவர்கள்' என்று பதில் தட்டினார்.

வாட்ச்மேன் அசரவில்லை. 'ரொம்ப நாள் பழகினா எல்லாருக்கும் அப்படித்தாங்க தோணும். எனக்கும் தோணியிருக்கு. தப்பில்ல. வரியப் போடுங்க.'

இதற்கு மேல் யாரிடம் போய் முறையிடுவது? வேறொருவர் கதையிலிருந்து அந்த வரியை நகலெடுத்து ஒட்டினார். கைப்பட அடிக்கவில்லை, ஒட்டத்தான் செய்தார், ஆகவே அது கணக்கில் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கதை உள்ளே போனது.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தம்மா செல்போனை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிக்க ஆரம்பித்தார். செய்தித்தாளுக்கு மேலே கதாசிரியரின் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. சிரிப்பு வரவேண்டிய முதல் இடம் போயிற்று. இரண்டாவது இடமும் போயிற்று. அதற்குள் யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள். எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தவர், திரும்பி வந்து செல்போனைத் தொடாமல் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

பொறுக்கமுடியவில்லை மனிதருக்கு. "என்ன, இன்னிக்கு உன் ஈரத்துண்டு எழுதலையா?"

"இல்ல. யாரோ சுண்டெலின்னு புதுசா ஒருத்தர்."

"எப்படி?"

"எழுதத் தெரியுது. ஆனா அக்காவப் பேசவே விடல. தம்பிக்காரனே மூச்சுவிடாம பேசுறான். அவங்க 'ஆமா, ஆமா'ன்னு தலையாட்டிக்கிட்டு நிக்கிறாங்க." ஒரு மருந்துப் பெட்டியை நகர்த்தி அடியில் துடைத்தார். "அந்த ஆளுக்கு அக்காவக் கண்டா பயம் போல."

செய்தித்தாள் கீழே இறங்கியது. அவமானமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லமுடியாத ஒன்று முகத்தில் ஏற, சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இந்தக் கூத்துக்கெல்லாம் ஒரு முடிவு கட்டிடறேன். கையெழுத்துப் போட்டா அடுத்த வாரம் எல்லாத்தையும் மூடிடுவாங்க."

அந்தம்மா நோட்டீஸை எடுத்து, டாக்டர் சீட்டைப் படிப்பதுபோல விளக்குக்கு நேரே பிடித்து நிதானமாகப் படித்தார். 'சொந்தக் கற்பனை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுல கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"ஆமா. அக்கா நான் படைச்சவ."

"ஓஹோ. சாவிக்கொத்த எங்க வச்சேன்னு கண்டுபிடி பார்ப்போம்னு முதல்ல சொன்னது யாரு?"

அந்தம்மாவின் விரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"பகல் பூரா திருடனத் தேடுற ஆளு வீட்ல இருக்குற உப்பத் தேடத் துப்பில்லன்னு சொன்னது யாரு? கேஸ மூடுனோமான்னு பாதி வழியில திரும்பி வர்றது யாரு? இந்த மேசைக்குப் பின்னாடி நின்னு நான் உங்களத் திட்டுனத, மேல போய் ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டீங்க. 'உன் பேச்ச எடுத்துக்கட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்னைக்காவது வக்கீல் நோட்டீஸ் விட்டேனா?"

"அது வந்து..."

"சந்தோஷமா இருந்துச்சுங்க, அதனாலதான் விடல. எங்கயோ இருக்குறவங்க எல்லாம் என் பேச்சுக்குச் சிரிக்கிறாங்களேன்னு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒரே வரியில கொன்னு ஆத்துல போட்டீங்க. கேட்டா, கதைக்குத் தேவைன்னீங்க."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கதாசிரியருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஈரத்துண்டு யாரோ எவரோ. நான் ஒருத்தி இருக்கேன்னே அவங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்கதான் என்ன அந்த பஸ்ஸுல இருந்து இறக்கிவிட்டாங்க."

கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து கேட்டு ஒருவர் வந்து நின்றார். அந்தம்மா நோட்டீஸை மடித்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். கதாசிரியர் மாடி ஏறினார். மறுநாள் மறுபடி கீழே இறங்கி அதே ஸ்டூலில் உட்கார்ந்தார், இந்தத் தடவை செய்தித்தாள் இல்லாமல். அடுத்தடுத்த நாளும் அப்படியே. கேட்டுக்கொண்டிருந்தார். மருந்தை மாற்றிக் கேட்டவரிடம், ஓசியில் ஆலோசனை கேட்டவரிடம், "நேத்து குடுத்த மாத்திரை கசக்குது" என்று புகார் சொன்னவரிடம் அந்தம்மா என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்று. இத்தனை வருஷமும் பேச்சைப் பொறுக்கிக்கொண்டு மட்டும் போனவர், இப்போதுதான் உட்கார்ந்து கேட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒருநாள் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அக்காவுக்குத் தம்பி மேல பயங்கரக் கோபம்னு வச்சுக்க. வீட்டுக்குள்ள வந்ததும் என்ன செய்வாங்க?"

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னையா கேக்குறீங்க?"

"உன்னத்தான்."

கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "கத்த மாட்டாங்க. முதல்ல கை கழுவுவாங்க. அப்புறம் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. அவன் இல்லன்னு சொன்னா இன்னும் கோபம் வரும்."

கதாசிரியர் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினார். எழுதக் கையில் தாள் அகப்படவில்லை, அகப்பட்டது நோட்டீஸ்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் ஆரம்பித்தார். இடையில் பதிப்பாளர் போனில் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சா சார்?" என்று கேட்டார். "பேப்பர்ல இடமில்ல" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கதையில் அக்கா பஸ்ஸிலேயே ஏறவில்லை. கேஸை மூடிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறாள். வந்து பார்த்தால் பஸ் கவிழ்ந்த செய்தி கேட்டதும் தம்பி அவசரப்பட்டு, அவள் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்திருக்கிறான். கை கழுவுகிறாள். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். அறிவிப்பு வந்த பக்கத்தை அவன் முன்னால் விரித்துப் போடுகிறாள். "ஊரு உலகத்துல யாரு எங்க செத்தாலும் நேர்ல போய் ஆயிரம் கேள்வி கேப்ப. நான் செத்தேனான்னு வீட்டுக்கு வந்து ஒரு தடவ எட்டிப் பார்க்கத் தோணலையா உனக்கு? செத்ததா போட்டது நீதான? திருத்தமும் நீயே போடு. சின்ன எழுத்துல போட்ட, கொன்னுடுவேன்." குடைக்காரருக்கு அந்தக் கதை முழுக்க ஒரே ஒரு வசனம்தான்: "தப்புதான்க்கா."

எழுதி முடித்துத் தலைப்பு வரிக்கு வந்தார். இந்தத் தடவை ஒட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடித்தார்: 'இவர்கள் யாரும் எனக்குச் சொந்தமில்லை. அக்கா பேசுவதெல்லாம் ஒரு மருந்துக்கடையில் இருப்பவர் பேசியது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிவிட்டது ஈரத்துண்டு, நானில்லை. இரவலுக்கு இருவருக்கும் நன்றி.'

வாட்ச்மேனிடமிருந்து பதில் வந்தது: 'வரி கொஞ்சம் நீளம். பரவாயில்ல, விட்டுடறேன்.'

கதாசிரியர் கீழே இறங்கவில்லை. பழைய இடத்தில், மேல்படியில் போய் உட்கார்ந்தார். கீழே ஒருவர் களிம்பு வாங்கிக்கொண்டு போனார். கல்லா மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்திருக்கப் போனவர், பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் ஒரு உறுமல், அப்புறம் அடக்கமுடியாமல் வெடித்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. கதாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் மறைக்க என்ன இருக்கிறது. சிரிப்பு நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல்:

"யோவ் சுண்டெலி! கீழ இறங்கி வா. வர்றதுக்கு முன்னாடி கேஸ மூடியிருக்கான்னு பார்த்துட்டு வா."